கணக்கு மட்டும் போட்ட மனிதருக்கு உங்கள் கண்காட்சியில் என்ன பரிசு?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளை நடத்தும் அதிபர்மாருக்கும், ஆசிரிய ஆலோசகர்களுக்கும், நடுவர்களாக வரும் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் புத்தகக்கடை வைத்திருப்பவன். பெயர்தான் புத்தகக்கடை. கொப்பி, பேனா, போட்டோகொப்பி, லெமினேற்றிங், ரெஜிபோம் என்று எல்லாம் உண்டு. கண்காட்சிக்குத் திகதி குறித்தால் உங்கள் சுற்றறிக்கை பாடசாலைக்குப் போய்ச் சேருமுன்னே எனக்குத் தெரிந்துவிடும். ரெஜிபோம் அட்டையும் வெள்ளி நிற ஸ்பிரேயும் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். வருவது பெரும்பாலும் பிள்ளைகள் அல்ல, தகப்பன்மார். "தம்பி, ஒரு ரொக்கெட் செய்யவேணும், எத்தனை அட்டை போகும்?" என்று கேட்பார்கள். ரொக்கெட் எதற்கு, யாருக்கு என்று நான் கேட்பதில்லை. வியாபாரம் நடக்கிறது, சரி.

ஆனால் கண்காட்சி முடிந்த அடுத்த நாள் அந்த ரொக்கெட்டுகள் பாடசாலைப் பின்வளவில் குப்பையோடு கிடப்பதைப் பார்க்கும்போது, விற்ற எனக்கே மனம் கேட்பதில்லை. அதனால்தான் இந்த மடல். ஒரு மனிதரின் கதையைச் சொல்லி, அதன் பேரில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

ரொக்கெட் என்றால் நம் பிள்ளைகளுக்கு அப்துல் கலாம்தான். தரம் 5 பிள்ளையிடம் கேட்டாலும் இராமேசுவரத்தில் தொடங்கி மூச்சு விடாமல் சொல்லும். நல்லது, சொல்லட்டும். ஆனால் கலாம் ஐயா பிறந்தது 1931இல். அதற்கு 28 வருடங்களுக்கு முன்னரே ரொக்கெட்டுக்கான அடிப்படைக் கணக்கு அச்சில் வந்துவிட்டது. அதைப் போட்டவர் ரஷ்யாவில் கலூகா என்ற சிறு நகரத்துப் பாடசாலை வாத்தியார். பெயர் கொன்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி. வாழ்நாளில் அவர் ஒரு ரொக்கெட்டையும் செய்து பறக்கவிட்டதில்லை. அதாவது உங்கள் மேசையில் வைத்துக் காட்ட அவரிடம் ரொக்கெட் என்று ஒரு பொருளே இருந்திருக்காது.

1857 செப்டம்பரில் ரியாசான் மாகாணத்து இஷெவ்ஸ்கோயே கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் காட்டு இலாகாவில் வேலை. பத்து வயதை எட்டும் காலத்தில் செங்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, ஆனால் வகுப்பில் வாத்தியார் சொல்வது கேட்காத அளவுக்குப் போய்விட்டது. 13 வயதில் தாயும் இறந்தார். பாடசாலையில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. நம்மூரில் என்றால் "பாவம் பிள்ளை, ஏதாவது தொழிலில் விடுங்கள்" என்று நான்கு பேர் வந்து புத்தி சொல்லியிருப்பார்கள்.

தகப்பன் அவரைப் 16 வயதில் மொஸ்கோவுக்கு அனுப்பினார். அங்கே எந்தக் கல்லூரியிலும் அவர் சேரவில்லை. செர்த்கோவ் நூலகம் என்று ஒன்று, அதில் போய் உட்கார்ந்தார். வாத்தியார் சொல்லித்தான் படிக்கவேண்டும் என்றால் காது வேண்டும். புத்தகத்துக்குக் கண் போதும். இயற்பியல், வானியல், உயர் கணிதம் எல்லாவற்றையும் ஏறத்தாழ மூன்று வருடம் தானாகவே படித்தார். வீட்டிலிருந்து வரும் கொஞ்சக் காசில் மாதம் 90 கொப்பெக்குக்குக் (ஒரு ரூபிளுக்கும் குறைவு) கறுப்புப் பாண் வாங்குவாராம். மிச்சக் காசு புத்தகத்துக்கும் இரசத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் போனது. மகன் எலும்பும் தோலுமாகிவிட்டான் என்று தெரிந்ததும் 1876இல் தகப்பன் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் ரியூசன் கொடுத்தார், பரீட்சை எழுதி ஆசிரியரானார். 1880இல் போரோவ்ஸ்க் என்ற ஊரில் எண்கணிதமும் கேத்திரகணிதமும் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருடம் அங்கே. பிறகு 1892இல் கலூகாவுக்கு மாற்றம் வந்தது. 1935இல் சாகும்வரை அந்த ஊர்தான்.

அதே 1892இல்தான் இங்கே காரைதீவில் விபுலானந்த அடிகளும் பிறந்தார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எனக்கு இது பிடித்த ஒரு தற்செயல், அவ்வளவுதான். அடிகளாரும் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் படிப்பித்துத்தான் தமிழுக்கு வந்தார். யாழ் நரம்புகளின் சுருதியை அவர் கணக்குப் போட்டுத்தான் கண்டார். சிலைக்கு மாலை போடும் நாளில் இதை யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சியோல்கோவ்ஸ்கியிடம் திரும்புகிறேன். நடுவர்மார் கவனிக்கவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. போரோவ்ஸ்க்கில் இருக்கும்போது, வாயுக்களின் துணிக்கைகள் எப்படி இயங்குகின்றன என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதித் தலைநகரில் இருந்த இரசாயனவியலாளர், இயற்பியலாளர் சங்கத்துக்கு அனுப்பினார். ஆவர்த்தன அட்டவணை போட்ட மெண்டலீவ் அந்தச் சங்கத்தில்தான் இருந்தார். பதில் வந்தது. நீங்கள் கண்டுபிடித்தது சரி, ஆனால் அதை வேறு ஆட்கள் ஏறத்தாழ 25 வருடத்துக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று. மூலையில் இருந்த சிற்றூருக்குப் புதிய சஞ்சிகைகள் வந்து சேர்ந்தால்தானே தெரியும்? ஆனாலும் அவர்கள் அந்த மனிதரைக் கேலி செய்யவில்லை. தானாக இந்த இடத்துக்கு வந்த ஆள் வேறு இடத்துக்கும் போவான் என்று பார்த்தார்கள். அடுத்து அனுப்பியதையும் படித்து ஊக்கப்படுத்தினார்கள்.

இனி நம் பக்கம். அண்மையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். எந்தப் பாடசாலை, எந்த வலயம் என்பது இங்கே தேவையில்லை. படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, தரம் 10 இருக்கும், ஒரு பிளாஸ்ரிக் சோடாப் போத்தலும் சைக்கிள் பம்பும் ஒரு சீ.ஆர். கொப்பியும் வைத்துக்கொண்டு நின்றது. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். போத்தலில் கால் பங்கு தண்ணீர் விட்டால் எவ்வளவு உயரம், மூன்றில் ஒரு பங்கு விட்டால் எவ்வளவு, அரைவாசி விட்டால், முழுதாக விட்டால் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்புகள்: "கச்சான் காற்று, சரிந்துவிட்டது." "அடைப்பான் முதலே கழன்றுவிட்டது." ஒரு இடத்தில் "அடுத்த வளவுக்குள் விழுந்தது, நாய் நின்றது, எடுக்கவில்லை" என்றும் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். பிள்ளையும் சிரித்தது.

நடுவர் வந்தார். கொப்பியைத் திறக்கவில்லை. "மொடல் எங்கே மகள்?" என்று கேட்டார். பிள்ளை போத்தலைக் காட்டியது. "தண்ணீர் ரொக்கெட் எல்லாம் யூடியூப்பில் இருக்குதே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே நான்கு அடி உயரத்தில் வெள்ளி பூசிய ரொக்கெட் ஒன்று, அடியில் சிவப்பு பல்ப் மினுங்க, போனில் இருந்து இரைச்சல் வந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் முதலிடம். அந்த வெள்ளியை விற்றவன் நான் என்பதால் தரத்தைப் பற்றி ஒன்றும் குறை சொல்லமாட்டேன்.

ஏற்கெனவே இருக்கும் விஷயம் என்று அந்த நடுவர் சொன்னது உண்மைதான். மெண்டலீவின் சங்கமும் அதைத்தான் சொன்னது. ஆனால் அவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டுச் சொன்னார்கள். நான் வருத்தப்படுவது அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான்.

போத்தலில் ஏன் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் நல்லது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்குச் சாமான் இல்லை, கூடினால் போத்தல் பாரம், தள்ளுவதற்குக் காற்றும் இல்லை என்றது. சியோல்கோவ்ஸ்கி மோதிய கேள்வியும் ஏறத்தாழ இதுதான். எதையாவது பின்னால் வீசினால்தான் முன்னால் போகலாம். வீசுவதற்கான சாமானையும் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். அப்படியானால் எவ்வளவு சுமந்தால் எவ்வளவு வேகம் வரும்? 1897இல் அந்தச் சமன்பாட்டைப் போட்டார். 1903இல், மனிதன் முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்த அதே வருடத்தில், அது ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் வந்தது. சிறகடிக்கவே படாதபாடு பட்ட காலத்தில் இந்த மனிதர் திரவ ஐதரசனையும் திரவ ஒட்சிசனையும் எரித்துப் பூமியை விட்டுப் போவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தார்.

சமன்பாடு ஒன்றும் பூதம் அல்ல. ஓ.எல். பிள்ளைக்கு மடக்கை தெரியும். அது போதும். எரிவாயு வெளியேறும் வேகத்தை எடுங்கள். புறப்படும்போது இருந்த திணிவை, எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் திணிவால் பிரியுங்கள். அந்த விடையின் மடக்கையைப் பார்த்து 2.3ஆல் பெருக்கி, வெளியேறும் வேகத்தாலும் பெருக்குங்கள். வருவதுதான் ரொக்கெட்டின் வேகம். காற்றும் புவியீர்ப்பும் இல்லாத இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்ப்போம். வாயு வினாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. மொத்தத் திணிவு மிச்சத் திணிவைப் போல 10 மடங்கு என்றால், 10இன் மடக்கை 1, வேகம் 6.9 கிலோமீற்றர். 20 மடங்கு என்றால், மடக்கை 1.301, வேகம் ஏறத்தாழ 9. விகிதத்தை இரட்டிப்பாக்கியும் கூடியது 2 கிலோமீற்றர் சொச்சம்தான். பூமியைச் சுற்றி வர வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேண்டும். ஏறும்போது புவியீர்ப்பும் காற்றும் தின்பதையும் சேர்த்தால் 9ஐத் தாண்டும். 20 மடங்கு என்றால் 100 கிலோ ரொக்கெட்டில் 95 கிலோ எரிபொருள். தாங்கி, எஞ்சின், கம்பி, மேலே கொண்டுபோகும் சாமான் எல்லாம் மிச்ச 5 கிலோவுக்குள் அடங்கவேண்டும். அதனால்தான் காலியான தாங்கிகளைக் கழற்றிப் போட்டுக்கொண்டே போகும் ரொக்கெட் தொடர் பற்றி 1929இல் எழுதினார். சந்திரனுக்குப் போன சற்றேர்ன் 5 ஏறத்தாழ 3,000 தொன் நிறையோடு கிளம்பியது. மூன்று பேரோடு பசுபிக் கடலில் வந்து விழுந்தது ஏறத்தாழ 5 தொன் கூம்பு ஒன்று மட்டும். நாலடி ரெஜிபோம் ரொக்கெட் இதில் எதைச் சொல்லித் தரும்?

இவ்வளவும் ஏதோ பெரிய ஆய்வுகூடத்தில் நடந்தது என்று நினைக்கவேண்டாம். பகலில் பாடசாலை. 1899 தொடக்கம் கலூகாவில் திருச்சபையின் பெண்கள் பாடசாலை ஒன்றில் பல வருடம் படிப்பித்தார். மற்றவர்கள் பேசுவதைக் கேட்கத் தகரத்தில் தானே பெரிய புனல்கள் செய்து காதில் வைத்துக்கொண்டார். வீட்டில் சொந்தக் காசில் காற்றுச் சுரங்கம் ஒன்று செய்தார். மாதிரி வடிவங்களின் மேல் காற்றை ஊதவிட்டு எதிர்ப்பை அளந்தார். அதைப் பெரிதாக்க விஞ்ஞான அகாதமி 470 ரூபிள் கொடுத்தது. மன்னர் காலத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்தது கிட்டத்தட்ட அது மட்டும்தான். சிறு நூல்களைத் தன் சம்பளத்தில் அச்சடித்து வெளியிட்டார். ஏழு பிள்ளைகளுள்ள வீட்டில் அந்தச் சம்பளம் எப்படிப் போதியிருக்கும் என்பதை மனைவி வர்வராவிடம்தான் கேட்டிருக்கவேண்டும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அம்மாவைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அவர் வாங்கிய அடிகள் நமக்குப் புரியும். 1887இல் போரோவ்ஸ்க்கில் தீ பிடித்துப் புத்தகங்களும் மாதிரிகளும் போயின. 1908இல் கலூகாவில் ஓகா ஆறு பெருக்கெடுத்து வீட்டுக்குள் வந்து கையெழுத்துப் பிரதிகளை நாசமாக்கியது. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் கொப்பி புத்தகத்தைச் சேற்றிலிருந்து பொறுக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1903இல் கட்டுரையின் முதற்பகுதிதான் வந்தது. அந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் பிலிப்போவ் தன் ஆய்வுகூடத்தில் இறந்து கிடந்தார், பொலிஸ் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போனது, சஞ்சிகையும் நின்றது. அடுத்த பகுதி வேறு சஞ்சிகையில் வர 1911 ஆயிற்று. 1902இல் ஒரு மகன் தற்கொலை செய்துகொண்டான். ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்கள். அவருடைய பட்டறையிலிருந்து கூரைக்குத் திறக்கும் ஒரு கதவு உண்டு. அதை விண்வெளிக்குப் போகும் கதவு என்று பகிடியாகச் சொல்வார்களாம். வீடு இன்றைக்கு மியூசியம்.

ஆளைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. மனித இனத்தை "மேம்படுத்துவது" பற்றி அவர் எழுதிய சில விஷயங்கள் இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும். அதைப் பிள்ளைகளுக்கு மறைக்கவும் வேண்டாம். பெயரும் அவருக்கு ஆறுதலாகத்தான் வந்தது. ஜெர்மன் மொழியில் எழுதிய ஓபர்த் 1923இல் ரொக்கெட் பற்றிப் புத்தகம் போட்டு அது பேசப்பட்ட பிறகுதான், இதை நம்மாள் முன்னரே எழுதிவிட்டாரே என்று சோவியத்தில் பலருக்கு உறைத்தது. முதல் திரவ எரிபொருள் ரொக்கெட்டை 1926 மார்ச் 16இல் அமெரிக்காவில் கொடார்ட் விட்டார். அது இரண்டரை வினாடிதான் பறந்தது. நம்ம சீ.ஆர். கொப்பிப் பிள்ளையின் போத்தலும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பறக்கும்.

சரி, கேட்க வந்தது இதுதான். ரொக்கெட் என்ற பெயரில் வரும் எந்தக் காட்சிப் பொருளுக்கும் முதலில் கொப்பியைக் கேளுங்கள். அளந்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன. கொப்பி இல்லாவிட்டால் எவ்வளவு மினுங்கினாலும் அதை அலங்காரப் பிரிவில் வையுங்கள், அங்கேயும் பரிசு கொடுங்கள், தகப்பன்மாரும் பாடுபட்டிருக்கிறார்கள் அல்லவா. புள்ளி போடும் தாளில் தோற்றத்துக்கு இருக்கும் இடத்தைக் குறைத்து, சரிவராமல் போனதை எழுதி வைத்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, மண்டபத்தில் மட்டும் நடத்தாதீர்கள். கல்லடியிலோ திருக்கோவிலிலோ கடற்கரை சும்மாதானே கிடக்கிறது. விடியற்காலையில் காற்று விழுந்திருக்கும்போது ஆசிரியர் மேற்பார்வையில் போத்தல்களை விடட்டும். எல்லோரும் தள்ளி நிற்க ஒரு கயிறு கட்டுங்கள், அழுத்தம் கூடினால் போத்தல் வெடிக்கும், விளையாட்டு இல்லை. சாய்மானியால் கோணம் அளந்து, அளவிடைப் படம் வரைந்து உயரம் கண்டுபிடிக்கட்டும். கணித பாடத்தில் இருப்பதுதான். அங்கே நின்றபடி கிழக்கே கையைக் காட்டி ஒரு விஷயமும் சொல்லலாம். பூமி சுழல்வதால் நாம் நிற்கும் இந்த மணல் வினாடிக்கு ஏறத்தாழ 460 மீற்றர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. கிழக்கே விடும் ரொக்கெட்டுக்கு அந்த வேகம் இனாமாகச் சேரும். விண்வெளிக்கு முதலில் போன ககாரின் கிளம்பிய பைக்கனூரில் அது ஏறத்தாழ 320தான். மத்திய கோட்டுக்குக் கிட்ட, கிழக்கே திறந்த கடலோடு இருப்பது ரொக்கெட் விடுகிறவர்கள் தேடி அலையும் இடம். அது நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. இதைக் கேட்டால் பிள்ளைகள் கடலைப் பார்க்கும் பார்வையே மாறும்.

காது கேளாத பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் பாடி ஆடிக் காட்டுவதற்கு மட்டும் மேடை கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு சைகைமொழி தெரிந்தவரை நடுவர் பக்கத்தில் நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளும் தங்கள் கணக்கை விளக்குவார்கள். ரொக்கெட் சமன்பாட்டைப் போட்டவரே வகுப்பில் வாத்தியார் சொல்வது கேட்காதவர்தான் என்று அன்றைக்கு யாராவது சொன்னால், மற்றப் பிள்ளைகளும் கேட்டுவைக்கட்டும்.

நகரத்துப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடம் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்தும் பொத்துவில் பக்கத்தில் இருந்தும் வரும் பிள்ளை பஸ் பிடித்து வருவதற்கே பாதி நாள் போய்விடும், அதுவும் கையில் நாலடி ரொக்கெட்டோடு. கொப்பி என்றால் பையில் கிடக்கும்.

என் பங்குக்கு: கண்காட்சிக்கு வரும் பாடசாலைகளுக்கு மடக்கை அட்டவணையும், மேலே சொன்ன கணக்கை ஒரு பக்கத்தில் எழுதியும் போட்டோகொப்பி எடுத்து இலவசமாகத் தருகிறேன். சைக்கிள் பம்புக்கும் ஏற்பாடு செய்யலாம். அடைப்பானுக்கு எது பொருந்தும் என்று பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். புள்ளித் தாளை மாற்றுவதாக இருந்தால் அடுத்த சுற்றறிக்கைக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். ரெஜிபோம் ஓடரை நான் குறைக்கவேண்டும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் புத்தகக்கடைக்காரன்